வடிப்பதற்கு முன் சற்றுப் பொறுங்கள்: பாண்டூன் படகு வைத்திருக்கும் நண்பருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் பாண்டூன் படகு (மூடிய அலுமினியக் குழாய்கள்மேல் மிதக்கும் தட்டைத் தளப் படகு) சில வாரங்களாக இடப்பக்கம் சாய்ந்தே நிற்கிறது என்றும், திருப்பும்போது அந்தப் பக்கத்து மிதவைக் குழாய்க்குள் ஏதோ தளும்பும் ஓசை கேட்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். கடிதத்தின் கடைசியில், ‘உள்ளே வியர்த்திருக்கும், அடியில் ஒரு துளை போட்டு வடித்துவிட்டு, மறுபடி வராமலிருக்க நுரையை ஊற்றி நிரப்பிவிடலாம் என்றிருக்கிறேன்’ என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகவே இந்தப் பதிலை எழுதுகிறேன். இதே நிலையில் வேறு சிலரும் இருக்கக்கூடும் என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன். துளை போடுவதற்கு முன் படித்துவிடுங்கள்.

முதலில் அந்த வியர்வையைப் பார்ப்போம். 30 டிகிரி செல்சியஸில் ஈரம் முழுமையாக ஏறிய காற்றில்கூட ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 30 கிராம் நீராவிதான் இருக்கும். உங்கள் குழாய் 63 செ.மீ. விட்டமும் 6 மீட்டர் நீளமும் கொண்டது என்று வைத்துக்கொண்டால், அதன் கொள்ளளவு சுமார் 1.9 கன மீட்டர். அதிலுள்ள ஆவி முழுவதும் குளிர்ந்து நீரானாலும் 60 கிராமைத் தொடாது. குழாய்க்குக் காற்றுத் திறப்பு இருந்து, நாள்தோறும் புதுக் காற்று போய்வந்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் படகு கண்ணுக்குத் தெரியும்படி சாய்கிறதென்றால் உள்ளே கிடப்பது பல பத்து லிட்டர், அதாவது பல பத்துக் கிலோ எடை. அது வியர்வையாக இருக்க முடியாது. வெளியிலிருந்து வந்த நீர், வந்ததற்கு ஒரு வழியும் இருக்கிறது.

அந்த வழி பெரியதாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஊசிமுனைத் துளையோ வெல்டிங் ஓரத்தில் ஒரு மயிரிழை விரிசலோ போதும். ஏனென்றால் குழாயே நீரை உறிஞ்சிக் குடிக்கிறது. வெயிலில் நின்ற படகின் குழாய்க்குள் காற்று 50 டிகிரி வரை சூடேறுகிறது. விரிந்த காற்றில் ஒரு பகுதி விரிசல் வழியே வெளியேறிவிடுகிறது. அதே படகை 20 டிகிரி நீரில் இறக்கியதும் மிச்சக் காற்று சுருங்கி, உள்ளே அழுத்தம் ஏறத்தாழ 9 சதவீதம் குறைகிறது. இது கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயர நீர் தரும் அழுத்தத்துக்குச் சமம். குழாயில் பாதியே மூழ்கியிருக்கிறது, அதாவது 30 செ.மீ. ஆழம்தான், ஆகவே வெளிநீர் உள்ளே தள்ளும் விசையைவிட உள்ளிருக்கும் வெற்றிடம் இழுக்கும் விசை மூன்று மடங்கு பெரியது. குழாயின் உட்புறம் தடுப்புகளால் தனித்தனி அறைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தால், 600 லிட்டர் கொள்ளும் ஓர் அறையில், துளை நீருக்குள் இருந்தால், அப்படி ஒருமுறை குளிர்வதில் 50 லிட்டர் வரை புக இடமுண்டு. துளை நீர்மட்டத்தை ஒட்டி இருந்தால் தொல்லை இன்னும் அதிகம். பகலில் அதன் வழியே காற்று மட்டும் போகிறது, இரவில் அலை தொடும்போதெல்லாம் நீர் மட்டும் வருகிறது. வந்த நீர் துளைக்குக் கீழே கிடப்பதால் திரும்பிப் போவதற்கு வழியே இல்லை. ‘படகு நின்ற இடத்திலேயே நிற்கும்போதும் எப்படி நிறைகிறது?’ என்று கேட்டிருந்தீர்களே, அதற்கு இதுதான் பதில்.

இனி அந்தப் படகை ஆட்களோடு எடுத்துச் செல்லாதீர்கள். உள்ளே ஓடியாடும் நீர், படகு சாயும் பக்கத்துக்கே பாய்ந்து சாய்வை மேலும் கூட்டும். கரைக்கு ஏற்றும்போதும், அந்த எடையையும் டிரெய்லர்தான் சுமக்கிறது என்பதை மறக்காமல், மெதுவாக இழுத்து, நீரை விட்டு வெளியே வந்ததும் சிறிது நேரம் அப்படியே நிறுத்திவையுங்கள்.

நிறுத்தியதும் வடித்துவிடாதீர்கள் என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. உள்ளிருக்கும் நீர்தான் உங்களிடம் உள்ள ஒரே சாட்சி. குழாயின் அடிப்பக்கத்தைத் துணியால் நன்றாகத் துடைத்து உலரவிட்டு, ஓரிரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எந்த இடத்தில் ஈரம் கசிகிறதோ அங்கே மார்க்கரால் வட்டமிடுங்கள். முனைக்கூம்பும் குழாயும் சேரும் வெல்டிங், தளத்தைத் தாங்கும் பிராக்கெட்டுகளின் ஓரம், கரையில் உரசித் தேய்ந்த அடிப்பட்டை, டிரெய்லரின் தாங்குகட்டைகள் தொடும் இடம், வடிகால் மூடி ஆகியவற்றை நான் முதலில் பார்ப்பேன். பிராக்கெட் ஓரங்கள் பெரும்பாலும் நீர்மட்டத்துக்கு மேலே இருப்பதால் அவை கசிந்து காட்டா. அவற்றை விளக்கு வைத்தோ, பின்னால் சொல்லும் காற்றுச் சோதனையாலோதான் தேடவேண்டும்.

எந்த அறையில் நீர் இருக்கிறது என்பதற்குத் தளும்பும் ஓசையை மட்டும் நம்பாதீர்கள். நிறைகுடம் தளும்பாது என்பது இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மை. முழுதாக நிறைந்த அறை சத்தமே போடாது. விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், காற்றுள்ள இடம் கணீரென்றும் நீருள்ள இடம் மொத்தென்றும் ஒலிக்கும். அதிகாலையில் பனி படியும்போதும் வெயில் ஏறி அது உலரும்போதும் கவனித்தால் இன்னொன்று தெரியும்: நீர் ஒட்டிய தகடும் காற்று ஒட்டிய தகடும் வேறுவேறு வேகத்தில் குளிர்ந்து சூடேறுவதால், உள்மட்டம் எதுவோ அந்த உயரத்தில் குழாயின் வெளிப்புறத்தில் ஒரு கோடு விழுந்திருக்கும்.

இப்போது வடிக்கலாம். அடியில் மூடி இருந்தால், மேலே காற்றுத் திறப்பையும் சேர்த்துத் திறந்து, படகின் முன்பக்கத்தை உயர்த்தி வையுங்கள். அடியில் மூடி இல்லையென்றால், மேல் திறப்பு வழியே மெல்லிய ஹோஸை அடிவரை இறக்கிக் கைப்பம்பால் இறைத்துவிடலாம். இரண்டும் இல்லாத குழாய்க்குத்தான் துளை. அதையும் ஒவ்வொரு மூடிய அறையின் தாழ்ந்த புள்ளியிலும், வெல்டிங் கோட்டை விட்டுத் தள்ளிப் போட்டு, மரையுள்ள அலுமினியப் பொருத்தி ஒன்றை வெல்டிங் செய்து, அலுமினிய மூடியோ பிளாஸ்டிக் மூடியோ இடவேண்டும். பித்தளை மூடி வேண்டாம், அது தன்னைச் சுற்றியுள்ள அலுமினியத்தை அரிக்கும். வரும் நீரை வாளியில் பிடித்து எண்ணுங்கள். கடல் நீர் என்றால் நன்னீரால் உட்புறத்தை அலசுங்கள். நான் என் படகில் முதல்முறை எண்ணாமல் திறந்துவிட்டேன்; பிறகு கசிவு குறைந்ததா கூடியதா என்று ஒப்பிட எதுவும் கையில் இல்லாமல், கடைசியில் குற்றவாளி அந்த வடிகால் மூடியின் ரப்பர் வளையம்தான் என்று தெரிவதற்குள் மூன்று முறை வடித்திருந்தேன்.

நீர் காட்டிக்கொடுக்காத துளையைக் காற்றைக் கொண்டு கண்டுபிடிக்கவேண்டும். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பதைப் போன்றதுதான், டியூபை நீருக்குள் அமுக்குவதற்குப் பதிலாகக் குழாயின் மேல் சோப்பு நீரைப் பூசுகிறோம். ஆனால் அழுத்தம் 2 பி.எஸ்.ஐ.யை (சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு) தாண்டக்கூடாது. குழாயின் முனையை மூடும் 63 செ.மீ. விட்டமுள்ள கடைத்தகட்டில் 2 பி.எஸ்.ஐ. என்பதே சுமார் 440 கிலோ தள்ளுவதற்குச் சமம். கார் டயருக்கு அடிப்பதைப் போல 30 பி.எஸ்.ஐ. ஏற்றினால் அது ஆறரை டன்னாகி, தகடு பிதுங்கும் அல்லது வெடிக்கும். கம்ப்ரசரை நேராக மாட்டாமல் கைப்பம்பைப் பயன்படுத்துங்கள். டயர் அழுத்தமானி இவ்வளவு சிறிய அளவைச் சரியாகக் காட்டாது. அதற்குப் பதில், ஒரு தெளிவான ஹோஸை ‘ப’ எழுத்தைப் போல வளைத்து நீர் நிரப்பி, ஒரு முனையைக் குழாயில் இணைத்து, மறுமுனையைத் திறந்தபடி விடுங்கள். இரு பக்க நீர்மட்டங்களுக்கும் இடையே 1.4 மீட்டர் வித்தியாசம் வந்தால் அதுதான் 2 பி.எஸ்.ஐ. திறந்த முனையை அந்த மட்டத்துக்குச் சற்று மேலே வெட்டிவைத்தால், அழுத்தம் மிஞ்சும்போது நீர் வெளியே சிந்திக் குழாயைக் காப்பாற்றும். சோதனையை நிழலில் செய்யுங்கள். காற்று 10 டிகிரி சூடேறினாலே அரை பி.எஸ்.ஐ.க்கு மேல் தானாக ஏறிவிடும், பிறகு மானி எதைக் காட்டுகிறது என்றே விளங்காது.

துளை தெரிந்தபின் அதை அடைப்பது, அலுமினியம் வெல்டிங் செய்து பழகியவரின் வேலை. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். ஆனால் அதன்மேல் படிந்துள்ள ஆக்சைடுப் படலம் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். எனவே துருப்பிடிக்காத எஃகுத் தூரிகையால் அந்த இடத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்காமல் வைக்கும் வெல்டிங் ஒட்டாது. விரிசலாக இருந்தால் அதன் இரு நுனிகளிலும் சிறு துளையிட்டு நிறுத்திவிட்டுத்தான் வெல்டிங் செய்யவேண்டும், இல்லையென்றால் அது வெல்டிங்குக்கு அப்பால் தொடர்ந்து ஓடும். உள்ளே ஈரம் மிஞ்சியிருந்தால் வெல்டிங்கில் நுண்துளைகள் விழும். காற்றுத் திறப்பு மூடியிருந்தால் சூடான காற்று உருகிய உலோகத்தை ஊதித் தள்ளும். அரிப்பினால் உண்டாகும் ஹைட்ரஜனோ எரிபொருள் ஆவியோ உள்ளே தங்கியிருந்தால் நெருப்பே பிடிக்கலாம். ஆகவே எல்லா மூடிகளையும் திறந்து, புதுக் காற்றைச் செலுத்தி அலசி, நன்றாக உலர்த்திய பிறகே வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். எபாக்சிப் பசை அவசரத்துக்கு உதவும். தேய்த்த சில நிமிடங்களுக்குள் பூசினால் நன்றாகப் பிடிக்கும். ஆனால் தகடு நெளியும் இடங்களில் அதை நிரந்தரம் என்று எண்ணாதீர்கள்.

நுரையை ஊற்றும் யோசனையைக் கைவிட்டுவிடுங்கள். அது துளையை அடைப்பதில்லை, மறைக்கிறது. காலப்போக்கில் நீரை உறிஞ்சி எடை கூடும், ஈரத்தைத் தகட்டோடு ஒட்டவைத்து அரிப்பை வளர்க்கும், பிறகு ஒருநாள் வெல்டிங் செய்ய நேர்ந்தால் எரிந்து நச்சுப்புகை விடும். அதற்கப்புறம் அந்தக் குழாயை யாராலும் வடிக்கவும் முடியாது, சோதிக்கவும் முடியாது.

சரிசெய்தபின் படகை ஒரு நாள் வெயிலில் நிறுத்தி, மாலையில் நீரில் இறக்கி, இரவு முழுவதும் விட்டுவையுங்கள். நீரை இழுக்க ஒரு வழி மிச்சமிருந்தால் அது அப்போதுதான் வெளிப்படும். காலையில் ஏற்றி, மூடியைத் திறந்து, வருவதை அளந்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்