கையெழுத்துக்கு அவசரப்படாதவர்

அன்புள்ள மகளுக்கு,

சோதனை அறிக்கை வராமல் மருந்துக்குக் கையெழுத்துப் போட மறுப்பதால் அலுவலகத்தில் உன்னை 'முட்டுக்கட்டை' என்கிறார்கள் என்று நீ தொலைபேசியில் அழுததிலிருந்து எனக்கு ஃபிரான்சஸ் கெல்சியின் நினைவாகவே இருக்கிறது. அமெரிக்க வரலாறு என்றதும் நம் வாயில் வாஷிங்டனும் லிங்கனும்தான் வருவார்கள். அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்த எனக்கு அந்த வரிசையில் முதலில் நிற்பவர் கெல்சி. அவரும் உன்னைப் போல் வெளிநாட்டிலிருந்து போனவர்தான், பிறந்தது கனடாவில்.

1960 ஆகஸ்டில் அவர் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் சேர்ந்தார். அடுத்த மாதமே தாலிடோமைடு என்ற தூக்க மருந்தை அமெரிக்காவில் விற்க அனுமதி கேட்டு ஒரு நிறுவனத்தின் விண்ணப்பம் அவர் மேசைக்கு வந்தது. மேற்கு ஜெர்மனியில் 1957 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்ற மருந்து அது. மசக்கைக்குக் கர்ப்பிணிகளும் சாப்பிட்டார்கள். அன்றைய சட்டப்படி 60 நாளுக்குள் நிர்வாகம் ஆட்சேபிக்காவிட்டால் மருந்து தானாகவே கடைக்குப் போய்விடும். தரவு போதாது என்று கெல்சி எழுதித் திருப்பினார். நிறுவனம் மறுபடி சமர்ப்பித்தது. 60 நாள் கணக்கு மறுபடி தொடங்கியது. தொலைபேசி, நேர்ச் சந்திப்பு, மேலதிகாரியிடம் புகார் என்று நெருக்கினார்கள். அவர் அசையவில்லை.

இதற்கிடையே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு மருத்துவரின் சிறு கடிதம் அவர் கண்ணில் பட்டது. இந்த மருந்தை நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்குக் கை கால் மரத்துப்போகிறது என்று அதில் இருந்தது. நரம்பைக் கெடுப்பது கருவை என்ன செய்யும்? கொயினாவைத் தாய் முயலின் உடல் சிதைக்கும் அளவுக்குக் கருவின் உடலால் சிதைக்க முடியாது என்பதைப் போர்க்கால மலேரியா ஆராய்ச்சியில் கண்டவர் அவர். கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பானது என்பதற்குச் சான்று கேட்டார். நிறுவனத்திடம் இல்லை.

1961 நவம்பரில் ஜெர்மனியிலேயே மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் உலகெங்கும் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இந்த மருந்தால் பாதிக்கப்பட்டு, பலர் கை கால் குறுகி, பிறந்துவிட்டார்கள். அமெரிக்காவில் மருத்துவர்கள் மூலம் சோதனைக்கென்று வழங்கப்பட்ட மாத்திரைகளால் சிலர் பாதிக்கப்பட்டதோடு நின்றது. 1962-இல் கென்னடி கெல்சிக்கு விருது கொடுத்தார். பெருமையில் தன்னோடு பணியாற்றிய வேதியியலாளருக்கும் மருந்தியலாளருக்கும் பங்குண்டு என்று சொன்னவர் அவர். மருந்து வேலை செய்கிறது என்பதையும் நிரூபிக்க வேண்டும் என்ற சட்டம் அதே ஆண்டு வந்தது.

எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுவது 1937. கிருமித் தொற்றுக்கான சல்ஃபா மருந்தை, டைஎத்திலீன் கிளைக்கால் என்ற இனிப்பான நச்சுத் திரவத்தில் கரைத்து, ராஸ்பெரி சுவை சேர்த்து விற்றதில் அமெரிக்காவில் 100 பேருக்கு மேல் இறந்தார்கள். சிகாகோவில் மாணவியாக இருந்த கெல்சி, எலிகளை வைத்து அந்த நச்சைக் கண்டறிந்த குழுவில் வேலை செய்தார். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளைக் கொன்ற இருமல் மருந்தில் இருந்ததும் அதே டைஎத்திலீன் கிளைக்கால்தான். அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். செய்தி படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதே நச்சு, அதே இனிப்பு மருந்து!

அதனால் சொல்கிறேன், மூலப்பொருள் சோதனை அறிக்கை கைக்கு வராமல் எந்த பேட்ச்சுக்கும், அதாவது ஒரே தடவையில் தயாரித்த எந்த மருந்துத் தொகுதிக்கும், கையெழுத்துப் போடாதே. ஏன் போடவில்லை என்பதை ஒவ்வொரு முறையும் எழுத்தில் கொடு, தேதியிட்டு நகல் வைத்துக்கொள். விசாவை நினைத்துப் பயப்படுகிறாய் என்பது தெரியும். அப்படியே வேலை போனாலும் இந்த வீடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அம்மாவும் நீயும் நானுமாகப் பேசலாம்.

அன்புடன்,
அப்பா