தேத்தண்ணியும் இரும்புக் குளிசையும்

தலவாக்கலை
ஞாயிற்றுக்கிழமை

என் அன்புத் தோழிக்கு,

உன் ஏழு நிமிஷ வாய்ஸ் மெசேஜை இரண்டு தடவை கேட்டேன். முதல் தடவை உனக்குச் சீனி வருத்தம், உங்கள் ஊர்ப் பேச்சில் சர்க்கரை வியாதி, வந்துவிட்டது என்ற செய்திக்காக, அடுத்த தடவை உன் குரலுக்காக. குரலில் பயம் தெரியவில்லை, கோபம்தான் தெரிந்தது. "நான் அப்படி என்னத்தடி தின்னுட்டேன்" என்று கேட்டாயே, அச்சு அசல் உன் அம்மா. பதிலை வாய்ஸில் சொல்ல உட்கார்ந்தால் பாதியில் யாராவது கூப்பிடுவார்கள், அதனால்தான் எழுதுகிறேன். வெளியே விடாத மழை, வீட்டுக்காரர் டவுனுக்குப் போயிருக்கிறார், பிள்ளைகளின் பரீட்சைத் தாள் கட்டு மேசையில் கிடக்கிறது, கிடக்கட்டும்.

உடம்புக்கு நல்லதென்று அங்கே என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாய். இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் காலையில் ரொட்டி, பகலுக்குச் சோறு, ராத்திரிக்குத் திரும்பவும் ரொட்டி. 1983ல் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பியவர்களை ஏற்றிப்போன ஒப்பாரிக் கோச்சியில் ஏறும்போது உன் அம்மா வாழை இலையில் கட்டிக்கொண்டு போனதும் இதே ரொட்டியும் கட்டச் சம்பலும்தானே? அழுதுகொண்டே அதில் ஒன்றை வாங்கித் தின்றேன், அது மட்டும் மறக்கவில்லை. அந்தக் கோதுமை மா இன்னும் நம்மை விடவில்லை. ருசிக்காகவோ விலைக்காகவோ மட்டும் என்று சொல்லமாட்டேன், பெரிய காரணம் நேரம். விடிய ஐந்து மணிக்கு அடுப்புப் பற்றவைத்து மாவைப் பிசைந்து நாலு ரொட்டி தட்டிப் போட்டால் காலைக்கும் ஆச்சு, தேயிலை மலைக்குக் கொண்டுபோகவும் ஆச்சு. சோறு என்றால் கறி வேண்டும், கறிக்கு மரக்கறி வேண்டும், ரொட்டிக்குச் சம்பல் போதும். விடியக் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓட வேண்டிய ஒருத்தியிடம் போய் "மாவைக் குறைங்க" என்று கிளினிக்கில் சொல்லிவிடுவது சுலபம்.

சரி, இப்போது புதிதாக வந்திருப்பவற்றைச் சொல்கிறேன். நீ கேழ்வரகுக் களி தொடங்கிவிட்டதாகச் சொன்னாய், அதுதான் இங்கே குரக்கன். 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது கோத்தகிரிக் கடைகளில் எல்லாம் ராகி, சாமை, தினை என்று அடுக்கி வைத்திருப்பதாக நீதான் படம் எடுத்து அனுப்பினாய். இங்கே குரக்கன் மலையில் விளைகிற சாமான் இல்லை. மொனராகலை, அநுராதபுரம் பக்கத்தில் காடு வெட்டிப் பயிரிடுகிற சேனைகளில் விளைந்து லொறியில் ஏறி வருகிறது, விலையும் அதற்கேற்ற மாதிரித்தான். நல்ல தானியம், சந்தேகமே இல்லை. 100 கிராமில் 340 மில்லிகிராம் அளவுக்குக் கல்சியம் இருக்கிறது, எடைக்கு எடை பார்த்தால் பாலில் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேல், நம் வயதுக்கு எலும்புக்கு வேண்டியதுதான். ஆனால் சீனி வருத்தத்துக்கு இதுவே மருந்து என்று எவளாவது சொன்னால் நம்பிவிடாதே. குரக்கனும் மாச்சத்துதான், கிண்ணம் கிண்ணமாகத் தின்றால் சீனி ஏறத்தான் செய்யும், அதிலும் நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சீக்கிரம் ஏறும். கொஞ்சம் கொரகொரவென்று அரைத்துப் புட்டாக அவித்து, பக்கத்தில் பருப்போ கீரையோ வைத்து அளவாகச் சாப்பிடு.

குரக்கனைப் பற்றி எனக்கு ஒரு வயிற்றெரிச்சலும் இருக்கிறது. போன மாதம் டவுனில் குரக்கன் பிஸ்கட் ஒரு பாக்கெட் வாங்கினேன். வெளியே குரக்கன் கதிர் படம், பச்சை எழுத்து, பார்த்தாலே பாதி வருத்தம் போய்விடும் போல இருந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படித்தால் முதலில் கோதுமை மா, அடுத்தது சீனி, அதற்கப்புறம் எண்ணெய், நாலாவதாகத்தான் குரக்கன், அதுவும் ஆறு வீதம். எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுதுவார்கள் என்பது எனக்குத் தெரியும், வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதே அதுதான், இருந்தும் கடையில் திருப்பிப் பார்க்கவில்லையே! பாக்கெட்டை எறிய மனமில்லாமல் வீட்டுக்காரர் தேத்தண்ணியில் நனைத்துத் தின்று முடித்தார்.

சிவப்பரிசி நல்லது, தவிடு இருக்கிறது, எங்களுக்குக் கட்டுபடியாகிற நாளில் சமைக்கிறோம், அதோடு விடு. கொளகெந்த என்று சிங்கள ஆட்கள் காலையில் குடிக்கிற இலைக்கஞ்சி இப்போது நம் ஆட்களிடமும் வந்துவிட்டது. விடியற்காலையில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு அம்மா பெரிய பானையோடு உட்கார்ந்திருப்பார். வல்லாரை, கறிவேப்பிலை, சில நாளில் தண்ணீர்விட்டான் இலை, அரைத்துப் பிழிந்த சாற்றை அரிசியும் தேங்காய்ப் பாலும் வெந்த கஞ்சியில் கடைசியில்தான் ஊற்றுவார், அதற்கப்புறம் கொதிக்க விடமாட்டார், விட்டால் பச்சை நிறம் செத்துப் பழுப்பாகிவிடுமாம். கையில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் தருவார். கஞ்சியைக் குடி, கருப்பட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடு. அது சீனியின் ஒன்றுவிட்ட அண்ணன், நிறம் கறுப்பு என்பதால் உடம்புக்குள் போய் வேறு வேலை ஒன்றும் செய்வதில்லை.

இப்போது உனக்கு உண்மையிலே சொல்ல நினைத்ததற்கு வருகிறேன்.

மூத்தவள் முழுகாமல் இருக்கிறாள், ஆறு மாதம், போன தடவை சொன்னேன்தானே. முதல் கிளினிக்கில் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்த்தபோது 10.1 இருந்தது. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளுக்கு 11க்குக் குறையக்கூடாது. இரும்புக் குளிசை, உங்கள் ஊர் மாத்திரை, கொடுத்தார்கள், திரிபோஷ மாப் பாக்கெட்டும் கொடுத்தார்கள். நம் அம்மாக்களுக்குக் கொடுத்த அதே திரிபோஷதான், 1973லிருந்து இருக்கிறது, சோளமும் சோயாவும் பால்மாவும் கலந்தது, அடுத்த லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைக்கு வந்ததைத் திருடிச் சீனி போட்டு உருண்டை பிடித்துத் தின்ற கள்ளிகள்தான் நாம் இரண்டு பேரும். சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் கீரைக்குக் குறைவில்லை. வாரத்தில் நாலு நாள் கீரை, இரண்டு நாள் நெத்தலி, முருங்கை இலைச் சுண்டல் வேறு. ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பார்த்தால் 9.8. ஏறவில்லை, இறங்கியிருக்கிறது!

மிட்வைஃப் மிஸ் சிங்களப் பிள்ளை, தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசும். "குளிசை போடுறதா?" போடுறேன் மிஸ். "ஒவ்வொரு நாளும்?" ஒவ்வொரு நாளும். "எதோட?" மூத்தவள் என்னைப் பார்த்தாள். வெறும் தண்ணீரில் போட்டால் குமட்டுகிறது என்றதால், காலையில் ரொட்டி தின்னும்போது சூடான தேத்தண்ணியோடு போட்டுக்கொள் என்று பழக்கியவளே நான்தான். இருபத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குச் சுகாதாரம் படிப்பித்தவள்! அந்த மிஸ் திட்டவில்லை, மேசையில் இருந்த தன்னுடைய கோப்பையைச் சாய்த்து உள்ளே படிந்திருந்த பழுப்புக் கறையைக் காட்டியது. இந்தச் சாயம்தான் வயிற்றில் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, ரத்தத்துக்குப் போக விடுவதில்லை. குளிசையில் இருக்கிற இரும்பும் அப்படித்தான், கீரை, பருப்பு, கௌபிப் பயறில் இருக்கிற இரும்பும் அப்படித்தான். பால் ஊற்றிக் குடித்தாலும் தப்பில்லை என்று நினைக்காதே, சாயம் அதிலும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தும் எனக்கு ஆறவில்லை. ஒரு குளிசையை எடுத்து மேல் பூச்சைக் கத்தியால் சுரண்டி, பொடித்து, பால் ஊற்றாத, ஆறிய பிளேன்டியில் போட்டுக் கலக்கினேன். அப்படியே மை. சிவந்து தெளிவாக இருந்த தேத்தண்ணி கரண்டி சுற்றச் சுற்றக் கறுத்து, கோப்பையின் அடி தெரியாமல் போனது. அந்தக் காலத்தில் எழுதுகிற மையையே இரும்பையும் மாசிக்காய்ச் சாயத்தையும் கலந்துதான் செய்தார்களாம். மூத்தவள் எட்டிப் பார்த்து "இதையாம்மா ஒரு மாசமா எனக்குக் குடுத்தே" என்றாள். என்ன சொல்ல?

மாற்றியது இரண்டே இரண்டைத்தான். சாப்பாட்டோடு தேத்தண்ணி கிடையாது, தின்று ஒரு மணித்தியாலமாவது போன பிறகுதான். குளிசைக்குத் தேசிக்காய், அதுதான் எலுமிச்சை, பிழிந்த தண்ணீர், புளிப்பு இரும்பை உள்ளே எடுத்துக்கொள்ள உதவும். உன் ஆத்தா வல்லாரைச் சம்பலில் கடைசியாகத் தேசிக்காய் பிழிவாரே, "புளி இல்லாத கீரை புண்ணியமில்லாத கோயில்" என்று என்னவோ ராகமாகச் சொல்லிக்கொண்டு, அவர் எந்தக் கிளினிக்குக்கும் போகாமலே சரியாகத்தான் செய்திருக்கிறார். போன செவ்வாய்க்கிழமை பார்த்தோம், 10.6. இன்னும் பதினொன்றைத் தொடவில்லை, ஆனால் ஏறுகிறது.

இதைப் பக்கத்து லயத்தில் கொழுந்தெடுக்கிற மதினியிடம் சொன்னேன், அவருக்கும் எப்போதும் ரத்தம் குறைவு, படியேறினால் மூச்சு வாங்கும். "நாம பறிக்கிற கொழுந்து நமக்கே ஆகாதா டீச்சர்?" என்று கேட்டார். ஆகும் மதினி, ரொட்டியோட மட்டும் வேண்டாம் என்றேன். சொல்லிவிட்டேனே ஒழிய, மலையில் பத்து மணிக்கு ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்து விழுங்கினால்தான் தொண்டைக்குள் இறங்கும், கறி கிடையாது, நேரமும் கிடையாது, இரண்டையும் எப்படிப் பிரிப்பார்? இப்போது ரொட்டியை வெறும் தண்ணீரோடு தின்றுவிட்டுப் பகல் கொழுந்து நிறுக்கப் போகும்போது தேத்தண்ணி குடிப்பதாகச் சொல்கிறார். மற்றவர்கள் சிரிக்கிறார்களாம்.

உன் கணக்குக்கும் தேத்தண்ணிதான் முதலில் வரும். நீ ஒரு நாளைக்கு எத்தனை குடிக்கிறாய் என்று சொல்லவில்லை, பழைய ஆளென்றால் ஆறுக்குக் குறையாது. கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி என்றால் பன்னிரண்டு கரண்டி, கரண்டிக்கு நாலு, ஐந்து கிராம், ஆக ஐம்பது கிராம் வெறும் தேத்தண்ணியிலேயே போகிறது. இங்கே 2016லிருந்து சோடாப் போத்தல்களில் கலர் வட்டம் போடுகிறார்கள், 100 மில்லியில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவென்றால் பச்சை, இடையில் இருப்பது மஞ்சள். நான் ஒரு நாள் வீட்டுக்காரரின் கோப்பையை அளந்து பார்த்தேன், மூன்று கரண்டி போடுகிற மனுஷன், நூலிழையில் சிவப்பைத் தப்பிவிட்டார். சோடா கண்ணில் காட்டக்கூடாது என்று பிள்ளைகளைத் திட்டுகிற ஆள் அவர்தான்.

நான் ஒரேயடியாக நிறுத்தவில்லை, நிறுத்தினால் தலை இடிக்கிறது. நம் பெரியவர்கள் உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டு வெறும் சாயத்தைக் குடிப்பார்களே, அதற்குப் போய்விட்டேன். அரைக் கரண்டியில் முழுக் கோப்பையும் இறங்கிவிடுகிறது. பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூமில் அப்படிக் குடிக்க வெட்கமாகத்தான் இருந்தது, இப்போது இன்னும் இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள்.

இலை மருந்து விஷயத்தில் மட்டும் அவசரப்படாதே. இங்கே தெபு என்று ஒரு இலை, சீனிக்கு நல்லதென்று பச்சையாகச் சம்பல் போடுகிறார்கள், கறிக்குப் பதில் தின்றால் ஒரு கெடுதியும் இல்லை. கீழ் லயத்து அண்ணன் ஒருவர் அதை நம்பி ஆஸ்பத்திரிக் குளிசையை நிறுத்திவிட்டார், நாலு மாதத்தில் காலில் பட்ட சின்னக் காயம் ஆறாமல் இரண்டு வாரம் வார்டில் கிடந்தார். பாகற்காய் தின், வெந்தயம் தின், குளிசையை டாக்டர் சொல்லாமல் விடாதே.

கீரையைப் பற்றியும் ஒன்று. நம் காலம் மாதிரித் தேயிலை அடியில் இருந்து மணித்தக்காளி, வல்லாரை என்று மடி நிறையப் பறித்துவர இப்போது எனக்குத் துணிச்சல் இல்லை, எந்த மலையில் எப்போது புல்லுக்கு மருந்தடித்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கை வைக்க வேண்டும். அதனால் வீட்டுக்குப் பின்னால் பீலித் தண்ணீர் வழிகிற இடத்தில் ஒரு பாத்தி போட்டிருக்கிறேன். வல்லாரை நன்றாகப் படர்கிறது. பொன்னாங்காணியை ஆடு தின்றுவிட்டது. சௌசௌ கொடி கூரையில் ஏறிவிட்டது, காயை விட அதன் நுனித் தளிரைத்தான் சுண்டுகிறோம், உங்கள் பக்கமும் சௌசௌ இருக்கும்தானே, தளிரைத் தின்று பார்.

எனக்கு உன்னிடமிருந்து வேண்டியது ஒன்று. குரக்கன் மாவில் நான் களி கிண்டினால் உள்ளே கட்டி கட்டியாக மா வேகாமல் நிற்கிறது. உன் மாமியார் கிண்டுவதை வீடியோ எடுத்து அனுப்பு, கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டிவிட்டு உடனே கிண்டுகிறாரா, மூடி வைத்து விட்டுக் கிண்டுகிறாரா என்பது தெரிகிற மாதிரி எடு, போன தடவை மாதிரி உன் விரலைப் படம் பிடித்து அனுப்பாதே. அப்புறம் அடுத்த ரத்தப் பரிசோதனைத் துண்டு வந்ததும் நம்பரை மறைக்காமல் சொல்.

இப்படிக்கு,
ஐந்தாம் வகுப்பு ஜன்னலோரப் பெஞ்சில் உன் பக்கத்தில் இருந்தவள்