கொலையும் சிரிப்பும் ஒரே ரயிலில்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் துப்பறியும் நாவல்கள் பற்றி வந்த கட்டுரை, வேடிக்கையாக எழுதப்படும் கொலைக் கதைகளில் புதிர் நீர்த்துப்போய்விடும் என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

அதைப் படித்தபோது நான் ஆஸ்திரேலிய எழுத்தாளர் பெஞ்சமின் ஸ்டீவன்சனின் ‘எவ்ரிஒன் ஆன் திஸ் டிரெயின் இஸ் எ சஸ்பெக்ட்’ நாவலில் பாதி வழியில் இருந்தேன். டார்வினுக்கும் அடிலெய்டுக்கும் இடையே 2,979 கிலோமீட்டர் ஓடும் ‘தி கான்’ ரயிலில் குற்றக்கதை எழுத்தாளர்களுக்கு ஒரு விழா. தடய அறிவியலை எழுதுபவர், நீதிமன்றக் கதை எழுதுபவர், இலக்கியவாதி என்று ஆறு பேர். ஒருவர் கொல்லப்படுகிறார். மீதி ஐவரும் துப்பறியக் கிளம்பிவிடுகிறார்கள். கொலை செய்துவிட்டுத் தப்புவது எப்படி என்பதும் அந்த ஐவருக்கும் தொழில்முறையில் அத்துப்படி!

கதை சொல்லும் எர்னஸ்ட் கன்னிங்ஹாம் சரியான வாயாடி. நம்மை நேராகக் கூப்பிட்டுப் பேசுகிறார். கொலையாளியின் பெயர் எத்தனை முறை வரும் என்று முன்கூட்டியே கணக்கும் சொல்லிவிடுகிறார். நான் சும்மா இருப்பேனா? நூலகப் புத்தகம் என்பதால் தனியாக ஒரு தாளைச் செருகிவைத்து, பெயருக்குப் பெயர் கோடு போட ஆரம்பித்தேன். நாலு கோடு, குறுக்கே ஒன்று. ஓரிடத்தில் வாய்விட்டுச் சிரித்ததில் எண்ணிக்கை தவறிப்போனது. திரும்பிப் போய்ப் பார்த்தால், நான் சிரித்த வாக்கியத்துக்குள்ளேயே ஒரு துப்பு சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

கட்டுரையாளர் கவனிக்காமல் விட்டது இதைத்தான். இறுக்கமான நாவலில் ஒரு கைக்குட்டை கீழே விழுந்தாலே நாம் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறோம். சிரித்துக்கொண்டிருக்கும்போது யாரும் கைக்குட்டையைப் பார்ப்பதில்லை. தடயத்தை ஒளித்துவைக்க நகைச்சுவையைவிட நல்ல இடம் கிடையாது. அதுவும் ரயிலில் கேட்கவே வேண்டாம். கொலையாளி எங்கும் ஓட முடியாது; எதிர் மேசையில் உட்கார்ந்து எல்லாரோடும் சாப்பிட்டு, பேசி, சிரித்தாக வேண்டும்.

நேர்மையிலும் குறை சொல்ல முடியாது. கன்னிங்ஹாம் சத்தியம் செய்வது ரொனால்டு நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைகளுக்கு 1929-இல் வகுத்த பத்து விதிகளின் மேல். கொலையாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்டிவிட வேண்டும், துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயம் வாசகருக்கும் கிடைக்க வேண்டும், ரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது என்றெல்லாம் போகும் அந்த விதிகள். கான் ரயில் முதன்முதலாக ஆலிஸ் ஸ்பிரிங்ஸைத் தொட்டதும் அதே 1929-இல்தான். அகதா கிறிஸ்டியின் புகழ்பெற்ற ரயில் கொலை நாவலில் வரும் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் நிஜமாகவே துருக்கியில் பனியில் புதைந்து நாள்கணக்கில் நின்றதும் அந்த ஆண்டுதான். ஜாதகம் பார்க்கிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளட்டும்.

பதிப்பாளர்களையும் விமர்சனங்களையும் பற்றிய கிண்டல் நடுவில் கொஞ்சம் அலுத்தது உண்மை. எழுத்தாளர்களின் பொறாமையை மட்டும் எவ்வளவு எழுதினாலும் படிக்கலாம்.

இன்னொன்று. எனக்கு முன்னால் இந்தப் பிரதியைப் படித்த புண்ணியவான் ஒருவர், ஒரு பெயருக்கு அடியில் கோடிட்டு, ஓரத்தில் ‘இவர்தான்’ என்று பென்சிலால் எழுதிவைத்திருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் புத்தகத்தையே மூடிவிட்டேன். ஏற்கெனவே படித்து முடித்திருந்த என் கணவரோ, எதைக் கேட்டாலும் ‘ம்’ என்பதோடு சரி. இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டு மறுபடி எடுத்து, கடைசி வரை அந்தப் பெயரையே முறைத்துக்கொண்டு படித்தேன். அவர் இல்லை! திருப்பிக் கொடுக்கும் முன் அதை அழிக்கலாம் என்று ரப்பரைக்கூட எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். அடுத்து எடுப்பவரும் கொஞ்சம் அலையட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி