பிராகுக்குப் போகும் சித்திக்கு

அன்புள்ள சித்தி,

உங்கள் ஐரோப்பியச் சுற்றுலாவின் பயணத் திட்டத்தை வாட்ஸப்பில் பார்த்தேன். செக் நாட்டுத் தலைநகர் பிராகுக்கு அரை நாள்! அதிலும் பாதிநேரம் பழைய நகரச் சதுக்கத்தின் வானியல் கடிகாரத்தை அண்ணாந்து பார்ப்பதிலேயே போய்விடும். 1410-இல் முதலில் செய்த பொறி, பார்க்க வேண்டியதுதான். ஆனால் மணியடித்ததும் சன்னலில் பொம்மைகள் வந்துபோவது ஒரு நிமிடக் கூத்து. அதற்காகக் கூட்டத்தில் இடிபட வேண்டாம்.

எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி அறுபதை நெருங்கிய உள்ளூர் அம்மா. எடுத்த எடுப்பில் அவர் சொன்னது, “கீழே பார்த்து நடங்கள்.” கருங்கல் பாவிய தெரு, கால் தடுக்கும் என்றுதான் நினைத்தோம். அந்த ஊரின் சரித்திரத்தில் பாதி தரையில்தான் இருக்கிறது என்பது போகப்போகப் புரிந்தது.

கடிகாரம் இருக்கும் அதே நகர மன்றத்தின் கிழக்குச் சுவரோரம் தரையில் வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கும். எண்ணிப் பாருங்கள், 27. நீங்கள் வகுப்பில் ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரைப் பாடம் நடத்தியவர், அது தொடங்கிய கதை தெரியும். 1618-இல் புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் அரண்மனைச் சன்னல் வழியே கத்தோலிக்கப் பேரரசரின் ஆட்கள் மூவரை வெளியே தூக்கி எறிந்தார்களே, அந்தச் சன்னலைக் கோட்டையில் காட்டுவார்கள். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். மாதா காப்பாற்றினாள் என்றார்கள் கத்தோலிக்கர்கள்; கீழே கிடந்த சாணக்குவியல் காப்பாற்றியது என்றது எதிர்த்தரப்பு. பயணிகள் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கதை முடிந்தது இந்தச் சிலுவைகளில். 1620 நவம்பரில் ஊருக்கு வெளியே வெள்ளை மலையில் சுமார் இரண்டு மணி நேரச் சண்டையில், கலகம் செய்த போஹீமியா (செக் நாட்டின் பழைய அரசு) பேரரசர் தரப்பிடம் தோற்றது. 1621 ஜூன் 21 அன்று இந்தச் சதுக்கத்தில் கலகத் தரப்பினர் 27 பேருக்கு மரண தண்டனை. அவர்களில் ஒருவர் யான் யெசெனியுஸ், பிராகில் மக்கள் முன்னிலையில் மனித உடலை அறுத்துக் காட்டிய மருத்துவர், பல்கலைக்கழகத்தின் தலைவர். முதலில் நாக்கை அறுத்தார்கள், பிறகு தலையை. பன்னிரண்டு தலைகள் சார்லஸ் பாலத்துக் கோபுரத்தில் பத்தாண்டு தொங்கின. இன்று எல்லோரும் செல்ஃபி எடுப்பது அந்தக் கோபுரத்தடியில்தான்.

அதற்குப் பின் அதிகாரமும் படிப்பும் மெல்ல மெல்ல ஜெர்மன் பக்கம் சாய்ந்தன. செக் மொழி கிராமத்திலும் அடுப்படியிலும் பிழைத்துக் கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதை மீட்டெடுத்த தலைமுறை, தன் மொழிக்கென்று ஊர் ஊராகப் பணம் திரட்டி ஒரு தேசிய நாடக அரங்கு கட்டியது. 1881-இல் திறந்த சில வாரங்களில் தீப்பிடித்தது. மறுபடி வசூல்! 1883-இல் செக் இசையமைப்பாளர் ஸ்மெத்தனாவின் இசை நாடகத்தோடு மறுபடி திறந்தார்கள். ஆற்றோரம் பொன் முடி தெரியும் கட்டடம் அதுதான். பேருந்திலிருந்து கைகாட்டிவிட்டுப் போய்விடுவார்கள், விடாதீர்கள்.

மறுபடி தரைக்கு வருகிறேன். யூதர்கள் வாழ்ந்த வீடுகளின் வாசலில் உள்ளங்கை அளவுப் பித்தளைக் கட்டிகள் பதித்திருக்கும்: பெயர், பிறந்த ஆண்டு, நாஜிகள் எந்த முகாமுக்குக் கொண்டு போனார்கள் என்ற விவரம். வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் நடந்தது இன்னும் கொடுமை. 2020-இல் கல் பெயர்த்துப் புதுப்பித்தபோது, சில கற்களின் அடிப்பக்கத்தில் ஹீப்ரு எழுத்துகள் இருந்தன. கம்யூனிஸ்ட் ஆட்சியில் யூதக் கல்லறைக் கற்களை உடைத்துத் தெருவுக்குப் பாவியிருந்தார்கள். அத்தனை காலம் ஊரே அதன்மேல் நடந்திருக்கிறது.

அதே சதுக்கத்தின் மேல்முனையில், தேசிய அருங்காட்சியகத்தின் முன், உருகியது போன்ற வெண்கலச் சிலுவை ஒன்று தரையிலிருந்து புடைத்து நிற்கும். 1968 சோவியத் படையெடுப்புக்குப் பிறகு, அதை எதிர்த்து, 1969 ஜனவரி 16 அன்று, யான் பாலாக் என்ற இருபது வயது மாணவர் தன்னையே எரித்துக்கொண்டது அங்கேதான். அவர் படித்தது 1348-இல் தொடங்கிய சார்லஸ் பல்கலைக்கழகத்தில். நம் சங்கப் பாடல்களை மேற்குலகுக்கு எடுத்துச்சொன்ன செக் தமிழறிஞர் கமில் சுவெலபில் உருவானதும் அங்கேதான். 1968 படையெடுப்பை அடுத்து அவரும் நாட்டைவிட்டு வெளியேறினார்.

1989 நவம்பரில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று அந்த அம்மாவைக் கேட்டேன். அதுவரை மனப்பாடமாக ஒப்பித்தவர், கைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து ஆட்டிக்காட்டினார். உங்கள் நேரம் முடிந்தது என்று கம்யூனிஸ்ட் அரசுக்குச் சொல்லச் சதுக்கம் முழுக்க மக்கள் சாவிகளைக் குலுக்கினார்களாம். டிசம்பர் முடிவதற்குள் அந்த அரசை எதிர்த்த நாடகாசிரியர் வாத்ஸ்லாவ் ஹாவல் குடியரசுத் தலைவர். உங்கள் வழிகாட்டிக்கும் வயது ஐம்பதுக்கு மேல் என்றால் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

சாப்பாடு: சைவத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் பொரித்த சீஸ். இட்லி மாவை உருளையாக அவித்து அறுத்தது போல் ஒரு பண்டம் தருவார்கள். குழம்பில் மாட்டிறைச்சி இருக்கும், விசாரித்து வாங்குங்கள்.

இவ்வளவுக்கும் நேரம் எங்கே என்பீர்கள். எல்லாக் குழுவையும் ஒரு கண்ணாடிப் பாத்திரக் கடைக்குள் அழைத்துப்போய் முக்கால் மணி நேரம் நிறுத்துவார்கள். நீங்கள் உள்ளே போகாதீர்கள். கிண்ணம்தான் வேண்டுமென்றால் விமான நிலையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகன்