கும்பியாவுக்கு ஊர் உண்டு, அதைப் பட்டியலில் போடுங்கள்

இசைச் செயலிகளில் பாட்டுப் பட்டியல் தொகுப்பவர்களுக்கு,

வணக்கம். ஸ்பானிய மொழி தெரியாத எனக்கு கும்பியா என்ற கொலம்பிய நடன இசை வந்து சேர்ந்ததே உங்கள் பட்டியல்கள் வழியாகத்தான், அதற்கு நன்றி. ஆனால் சல்சா, ரெகேட்டான், கும்பியா எல்லாவற்றையும் ‘லத்தீன் பார்ட்டி’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறீர்கள். எந்த ஊர்ப் பாட்டு, யார் வாசித்தது என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை.

கும்பியா பிறந்தது கொலம்பியாவின் கரீபியன் கரையில், மக்தலேனா ஆறு கடலை நோக்கி வரும் ஊர்களில். அங்கிருந்த பூர்வகுடிகளின் குழலும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் மேளமும், ஸ்பானியரின் மொழியும் உடையும் சேர்ந்து உருவான இசை அது. கைத்தா என்ற அந்தக் குழலைச் செய்வதே தனி அழகு: கள்ளித் தண்டைக் குடைந்து, தேன்மெழுகோடு கரித்தூள் பிசைந்து தலைப்பகுதி செய்து, ஊதுவதற்கு வாத்து இறகின் தண்டைச் செருகுவார்கள். அதில் பெண் குழல், ஆண் குழல் என்று ஒரு ஜோடி. பெண் குழல் மெட்டைப் பாடும். ஆண் குழலுக்கு இரண்டே துளை என்பதால் அதை வாசிப்பவர் ஒரு கையால் ஊதிக்கொண்டே மறு கையால் மராக்கா என்ற கிலுகிலுப்பையைக் குலுக்குவார். யாமதோர் என்ற சின்ன மேளம் கடைசிவரை ஒரே தட்டை விடாமல் தட்டிக்கொண்டிருக்கும். ஆடும்போது பெண்கள் கையில் எரியும் மெழுகுவத்திக் கட்டு இருக்கும், ஆண்கள் தொப்பியோடு அவர்களைச் சுற்றி வருவார்கள்.

இதை எல்லாம் விட்டுவிட்டு வெறும் ‘பார்ட்டி’ என்றால் எப்படி?

அப்புறம் அது பரவிய கதை. 1940களில் கொலம்பிய இசைக்கலைஞர் லூச்சோ பெர்மூதெஸ் கரையோர இசையை நடன அரங்குக்கான பெரிய வாத்தியக் குழுவுக்கு ஏற்ப மாற்றினார், பாடகர் லூயிஸ் கார்லோஸ் மேயர் அதை மெக்சிகோவுக்குக் கொண்டுபோனார். அந்நாட்டின் மான்டெர்ரே நகரில் கொலம்பிய இசைத்தட்டுகளை வேகம் குறைத்து ஓடவிட்டு, ரெபஹாதா என்று தனி பாணியே பிறந்தது. பெருவில் 1960களில் என்ரிக்கே தெல்காதோவின் லோஸ் தெஸ்தெல்லோஸ் குழுவினர் கும்பியாவை எலெக்ட்ரிக் கிட்டாரில் வாசித்தார்கள். அங்கே மலை மக்களின் வைனோ இசையும் கலந்து சிச்சா என்ற பாணி ஆனது. அர்ஜென்டினாவில் 1990களின் கடைசியில் புவெனஸ் ஐரெஸ் குடிசைப் பகுதி இளைஞர்கள் தங்கள் வறுமையையும் கோபத்தையும் பாடியது கும்பியா வில்லேரா. ஒவ்வொன்றையும் வேறு வேறு மக்கள் தங்களுக்காகச் செய்துகொண்டார்கள், அதனால்தான் ஒன்றுபோல் இன்னொன்று ஒலிப்பதில்லை.

நான் கேட்பது பெரிய வேலை இல்லை. பாட்டின் கீழே ஊர், வருடம், வாத்தியக்காரர் பெயர், இந்த மூன்றும் போதும். ‘பாரம்பரியப் பாட்டு’ என்று எழுதிவிட்டு ஊதியவரின் பெயரை விடாதீர்கள். கும்பியா என்று பட்டியல் போட்டால் 2007இல் லத்தீன் கிராமி இசை விருது வாங்கிய, கைத்தா ஊதும் லோஸ் கைத்தேரோஸ் தே சான் ஹசிந்தோ குழுவின் பாட்டு ஒன்றாவது முதல் பத்துக்குள் வரட்டும். புதுசாகக் கேட்பவர் ரீமிக்ஸுக்கு முன்னால் அந்தக் குழலைக் கேட்கட்டும்.

அன்புடன்,
உங்கள் செயலிகளுக்குச் சந்தா கட்டும் ஒரு ரசிகர்