காட்டுத்தீப் புகையும் திடல் விளையாட்டும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். காட்டுத்தீப் புகை வரக்கூடும் என்ற முன்கணிப்பின்பேரில் திடல் விளையாட்டை நிறுத்திய நாளில் வானம் தெளிவாகத்தானே இருந்தது என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி.

நாளைய புகையைக் கணிக்க நாளைய வானிலை மட்டும் தெரிந்தால் போதாது. நாளைய தீயும் தெரிய வேண்டும். செயற்கைக்கோள்கள் பதிவுசெய்யும் வெப்பத்தைக் கொண்டு, ஒரு தீயிலிருந்து எவ்வளவு புகை வெளியாகும், அது எவ்வளவு உயரம் எழும்பும் என்பவற்றை வளிமண்டல அறிவியலாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அதன்பின் காற்றின் போக்கோடு சேர்த்துக் கணினி மாதிரிகள் புகையின் பாதையைக் கணக்கிடுகின்றன. ஆனால் மேகம் சூழ்ந்தால் தீ செயற்கைக்கோளின் பார்வைக்குத் தப்பிவிடும். இன்று எரியும் தீ நாளை பெருகுமா, தணியுமா என்பதையும் உறுதியாகச் சொல்ல இயலாது. புகையின் வேதியியலை நேரடியாக அளப்பதற்காகவே 2019ஆம் ஆண்டில் நாசாவும் அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவும் இணைந்து அதனூடே ஆய்வு விமானங்களைச் செலுத்தின.

எல்லாவற்றிலும் சிக்கலானது உயரம். மேலே செல்லும் புகை நெடுந்தொலைவு பயணித்துச் சூரியனைச் செந்நிறமாக்கினாலும், நாம் சுவாசிக்கும் காற்று தூய்மையாகவே இருக்கக்கூடும். அதே புகை கீழிறங்கினால் நிலைமை வேறு: 2023 ஜூனில் கனடாவின் காட்டுத்தீப் புகை நியூயார்க் நகரையே மூடியது. ஆகவே, வானத்தின் நிறத்தைப் பார்த்து (படம் எடுத்து அனுப்பினாலும்கூட) என்னால் முடிவெடுக்க இயலாது.

நாம் அஞ்ச வேண்டியது பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள்களை. 2.5 மைக்ரோமீட்டரோ அதற்கும் குறைவாகவோ விட்டமுள்ள இவை நுரையீரலின் ஆழம்வரை செல்கின்றன. 24 மணி நேரச் சராசரி கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல். உடல் எடைக்கு ஒப்பிட்டால், பெரியவர்களைவிடக் குழந்தைகள் அதிகக் காற்றைச் சுவாசிக்கிறார்கள்; ஓடும்போது அது மேலும் கூடும்.

எனவே, மாலையில் வரும் முன்கணிப்பைக் கொண்டு மாற்று ஏற்பாடுகளைத் தயார்செய்து, மறுநாள் காலையில் அருகிலுள்ள அளவீட்டு நிலையத்தின் பதிவைப் பார்த்தபின் விளையாட்டு குறித்து முடிவெடுப்போம். இதனால் அறிவிப்பு சற்றுத் தாமதமாக வரும், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் இன்ஹேலரையும் மருத்துவரின் குறிப்பையும் வகுப்பாசிரியரிடம் ஒப்படையுங்கள். துணி முகக்கவசம் இந்த நுண்துகள்களைப் போதிய அளவு தடுக்காது என்பதால், அதை அணிவித்தாவது வெளியே விளையாட விடுங்கள் என்ற கோரிக்கையை ஏற்க இயலவில்லை.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்