பொறியை எடுத்துவிடு

அன்புள்ள முரளி,

எலி என்று நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். ஆஸ்திரேலிய ப்ளூ மவுண்டன்ஸ் மலை வீட்டில் உன்னைத் தூங்கவிடாமல் செய்வது எலியில்லையடா, பழுப்பு ஆன்டிகைனஸ். கங்காருவைப் போலப் பைப்பாலூட்டி. வண்டு, சிலந்தி, கரப்பான்தான் சாப்பாடு. எலிப்பொறியை உடனே எடு, விஷமும் வைக்காதே. நியூ சவுத் வேல்ஸில் பூர்வீக விலங்குகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

படத்தைப் பெரிதாக்கி வாயைப் பார். எலிக்கு மேலும் கீழும் ஒவ்வொரு ஜோடி உளிப்பல். இதற்கு முன்பற்களே மேலே நான்கு ஜோடி, கீழே மூன்று ஜோடி, எல்லாம் பொடிப்பொடியாக, கூராக. முன்பாதத்தில் ஐந்து விரல். எலிக்கு நான்குதான் தெரியும். மூக்கு நீளம். காதுமடல் கசங்கினாற்போல, ஓரத்தில் ஒரு வெட்டோடு இருக்கும். விட்டத்தின் அடியில் தலைகீழாகவும் ஓடும். புழுக்கையைக் கிளறினால் வண்டு ஓடு கிடைக்கும், நாற்றம்தான் தாங்காது.

மயிர் உதிர்ந்து ஒன்று பகலிலேயே தள்ளாடுகிறது என்று எழுதியிருந்தாய். நோயில்லை, அது ஆண். ஆகஸ்ட், செப்டம்பரில் இரண்டு வாரம் போல இணைசேரும் காலம். அப்போது ஆண்களுக்குச் சாப்பாட்டு நினைப்பே இருக்காது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஏற ஏற, ரத்தத்தில் கார்ட்டிசோல் என்ற அழுத்த ஹார்மோனைப் பிடித்து வைக்கும் புரதம் குறைந்துவிடும். கட்டுக்கடங்காத கார்ட்டிசோல் தசையைக் கரைத்து ஓடத் தெம்பு தரும். கூடவே நோய் எதிர்ப்பையும் அழித்துவிடும். வயிற்றுப்புண், ரத்தக்கசிவு, ஒட்டுண்ணி. ஒரு வயது நிறையுமுன் அந்த வட்டார ஆண்கள் மொத்தமும் செத்துவிடும். மிஞ்சுவது சினைப்பட்ட பெண்கள் மட்டும். கொடுமைதான், ஆனால் கணக்கு பிசகாது: குட்டிகள் பால் மறக்கும்போது கோடை, காடெல்லாம் பூச்சி.

ஆகவே உன் வீட்டுச் சத்தம் இந்த மாதக் கடைசியில் பாதியாகும். அதை நம்பி ஓட்டையை அடைத்துவிடாதே. சினைக்காலம் சுமார் 27 நாள். முழுப் பை கிடையாது, வயிற்றில் ஒரு தோல்மடிப்புதான். குட்டிகள் ஐந்து வாரம் போல முலைக்காம்பைக் கவ்வித் தொங்கும். பிறகு கூட்டில் விட்டுவிட்டுத் தாய் இரை தேடப் போகும். நவம்பரில் அடைத்தால் தாய் வெளியே, குட்டிகள் சுவருக்குள்ளே. பட்டினியில் செத்து, நாற்றம் வாரக்கணக்கில் போகாது.

பிப்ரவரி வரை பொறு. பிறகு, இருட்டி அவை வெளியே போனதும் 6 மி.மீ. கண் உள்ள கம்பிவலையால் அடை. ஃபோம் வேண்டாம், கடித்துவிடும். பழைய சோபாவின் அடித்துணியையும் தூக்கிப் பார். காய்ந்த இலை திணித்த கூடு பெரும்பாலும் அங்கேதான்.

பூனையை ராத்திரியில் வெளியே விடாதே. பின்பாதம் தெரிகிற மாதிரி இன்னொரு படம் கிடைத்தால் அனுப்பு.

அன்புடன்,
சேகர்